வேரைத் தேடுவது பயனே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ஆங்கில இலக்கணச் சொற்களின் வேரைத் தேடுவது சிங்கப்பூர் மாணவர்களுக்குப் பயனா, சுமையா என்ற வழக்கில், பயனே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர், "தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ தாளில் கேட்பார்களா? உயர்நிலைப் பள்ளி முடிவில் வரும் ஓ நிலைத் தேர்வில் கேட்பார்களா?" என்று அடுக்கினார். கேட்க மாட்டார்கள், சரி. ஆனால் பிள்ளை கேட்கிறதே, அதற்கு என்ன பதில்?

என் மகள் உயர்நிலைப் பள்ளியில் மூன்றாம் மொழியாக ஜெர்மன் படிக்கிறாள். அதில் 'அக்குசாட்டிவ்' என்று ஒரு வேற்றுமை. ஆங்கிலத்தில் 'அக்யூசேட்டிவ்'. "அக்யூஸ் என்றால் குற்றம் சாட்டுவதுதானே அம்மா? 'ஆப்பிளைத் தின்றேன்' என்றால் ஆப்பிள் மேல் என்ன குற்றம்?" என்றாள். மனப்பாடம் பண்ணு என்று வாயை அடைக்க எனக்கு மனம் வரவில்லை. தேடினோம்.

கிரேக்கர்கள் இதற்கு வைத்த பெயர் 'ஐட்டியாட்டிக்கே'. அவர்கள் மொழியில் 'ஐட்டியா' என்றால் காரணம். குற்றச்சாட்டு என்றும் பொருள் உண்டு. ஒரு செயலால் விளைந்ததைக் காட்டும் வேற்றுமை என்றுதான் அப்படிப் பெயரிட்டார்கள் என்பது மொழியறிஞர் பலரின் முடிவு. லத்தீனுக்குக் கொண்டுபோனவர்களோ மற்றப் பொருளைப் பிடித்துக்கொண்டார்கள். கி.மு. முதல் நூற்றாண்டு ரோமானிய அறிஞர் வாரோவின் எழுத்திலேயே அது 'குற்றம் சாட்டும்' வேற்றுமை ஆகிவிட்டது. லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கும் ஜெர்மனுக்கும் அதே பெயர் வந்து சேர்ந்தது. பாவம், ஆப்பிள் ஒரு தப்பும் செய்யவில்லை!

அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. தமிழில் இதற்கு இணையானது 'ஆப்பிளை' என்பதில் வரும் 'ஐ', அதாவது நம் இரண்டாம் வேற்றுமை. அதற்கு நன்னூல் என்ன பொருள் சொல்கிறது? ஆக்கல், அழித்தல், அடைதல், நீத்தல், ஒத்தல், உடைமை என்று வரிசை போகிறது. முதலில் நிற்பது ஆக்கல். 'குடத்தை வனைந்தான்.' வனைந்ததால் உண்டானது குடம். கிரேக்கர் சொல்ல வந்ததும் இதுதானே! ஆப்பிளைத் தின்றது அடுத்ததான அழித்தல். தமிழ் வகுப்பில் அவள் கடகடவென்று ஒப்பித்த வரிசை, ஜெர்மன் பாடத்துக்குப் பொருள் சொன்னது.

"இரண்டு மொழியே பாரம், இதில் கிரேக்கமும் லத்தீனுமா?" என்று கேட்டார்கள். நாங்கள் கிரேக்கம் படிக்கச் சொல்லவில்லை. பாடத்தில் ஒரு பெயர் பொருந்தாமல் உறுத்தினால், அது ஏன் வந்தது என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள் என்கிறோம். நம் பிள்ளைகள் காலையில் ஆங்கில இலக்கணமும் அடுத்த பாடவேளையில் தமிழ் இலக்கணமும் படிக்கிறவர்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவர்களைவிட வாய்ப்பு யாருக்கு உண்டு? அதற்கு வழிவிடும் தீர்ப்பை நடுவரிடம் கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.