பொம்பளப் புள்ளைங்க காலேஜ்ல சேத்தா வெளியுலகம் தெரியாமப் போயிடுமா? – காவேரிப்பட்டணம் அம்மாவோட சந்தேகத்துக்கு விளக்கம்

அடுத்த கேள்வி காவேரிப்பட்டணத்துல இருந்து ஒரு அம்மா அனுப்பியிருக்காங்க. படிக்கிறேன். "எங்க பொண்ணு அரசுப் பள்ளியில பிளஸ் டூ முடிச்சிருக்கா. கணக்கு, பிஸிக்ஸ் ரெண்டுலயும் நல்ல மார்க். கிருஷ்ணகிரி அரசு மகளிர் கல்லூரியில பி.எஸ்ஸி. சேக்கலாம்னு அவங்க அப்பா சொல்றாரு. ஆனா சொந்தக்காரங்க, பொம்பளைங்க காலேஜ்லயே படிச்சா நாளைக்கு வேலைக்குப் போற எடத்துல ஆம்பளைங்க முன்னாடி வாயே தொறக்க வராதுன்னு சொல்றாங்க. மகளிர் கல்லூரியில உண்மையிலேயே என்ன நன்மை இருக்கு, என்ன கொறை இருக்கு?"

நல்ல கேள்விங்க அம்மா. இதுக்கு நெறைய பேரு "பாதுகாப்பா இருக்கும்"னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்க. அந்தப் பதில் பத்தாது. காம்பவுண்டு சுவரும் வாட்ச்மேனும் எல்லாக் காலேஜ்லயும்தான் இருக்கு. பஸ்ஸுல, பஸ் ஸ்டாண்டுல நடக்கறதுக்கு எந்தக் காலேஜ் வாசல் கேட்டும் காவல் இல்ல. மகளிர் கல்லூரியில கெடைக்கற பெரிய லாபம் வேற. அங்க இருக்கற அத்தனை வேலையும் பொண்ணுங்க கையாலதான் நடந்தாகணும். செய்யறதுக்கு வேற ஆளே கெடையாது.

உங்க பொண்ணு பிஸிக்ஸ்னு சொன்னதால லேப்ல இருந்தே சொல்றேன். ஸ்பெக்ட்ரோமீட்டர்னு, ஒளிய நிறம் நிறமாப் பிரிச்சு அளக்கற கருவி, அத வெச்சு எக்ஸ்பெரிமெண்ட் ஒண்ணு கண்டிப்பா வரும். முதல்ல ஐபீஸ, அதாவது கண் வெச்சுப் பாக்கற லென்ஸ நகத்தி குறுக்குக் கம்பி தெளிவாத் தெரியுதான்னு பாக்கணும். அப்புறம் டெலஸ்கோப்ப ஜன்னல் வழியா தூரத்துல இருக்கற ஒரு பொருளுக்கு ஃபோகஸ் பண்ணணும். பிறகு ஒளிய இணையா அனுப்பற காலிமேட்டர் குழாய், ஒளி நுழையற ஸ்லிட்டுங்கற சின்னப் பிளவு, பிரிஸம் வைக்கற மேஜையோட மட்டம். இந்த வரிசையில ஒண்ணத் தவறவிட்டாலும் ஸ்லிட்டோட பிம்பம் மங்கிப்போய், ரீடிங் தப்பா வரும். இதக் கையால பண்ணாத்தான் பழகும். பசங்களும் பொண்ணுங்களும் சேந்து இருக்கற பேட்ச்ல பெரும்பாலும் என்ன நடக்கும்னா, கருவிய ஒரு பையன் திருகுவான், இன்னொரு பையன் ரீடிங் சொல்லுவான், "நீ கையெழுத்து நல்லா எழுதுவியே"ன்னு நோட்ட பொண்ணு கையில குடுத்துடுவாங்க. யாரும் கெட்ட எண்ணத்துல பண்றதில்ல, வழக்கமா அப்படி ஆயிடுது. கடைசியில ரெக்கார்டு நோட்டு அழகா இருக்கும். ஆனா வைவாங்கற வாய்மொழித் தேர்வுல, வெளியில இருந்து வர்ற எக்ஸாமினர் "பிரிஸம் மேஜைய எப்படி மட்டம் பண்ணினே?"ன்னு கேட்டா பதில் வராது.

மகளிர் கல்லூரியில அந்தப் பையன் இல்ல. அதனால திருகறதும் பொண்ணுதான், எழுதறதும் பொண்ணுதான். ஆனா இது தானா வந்துடும்னு நெனச்சுடாதீங்க. ஒரு கருவிக்கு மூணு நாலு பேருன்னா அங்கயும் ஒருத்தி செய்வா, மத்தவங்க பாத்து எழுதுவாங்க. அதனால பொண்ணுகிட்ட மொத வாரத்துலயே சொல்லிடுங்க. பேட்ச்ல இருக்கறவங்க முறை போட்டுக்கணும். இந்த வாரம் கருவி உனக்கு, அடுத்த வாரம் எனக்கு. கம்ப்யூட்டர் லேப்லயும் அப்படித்தான், கீபோர்டு முன்னாடி யாரு உக்காந்தாங்களோ அவங்களுக்குத்தான் புரோகிராம் வரும்.

இதே விஷயம் லேபுக்கு வெளியிலயும் இருக்கு. டிபார்ட்மெண்ட் அசோசியேஷன் செக்ரட்டரி, ஸ்போர்ட்ஸ் கேப்டன், என்.எஸ்.எஸ்.ங்கற நாட்டு நலப்பணித் திட்டத்தோட லீடர் எல்லாமே பொண்ணுங்கதான். ஒரு விழா நடத்தணும்னா பிரின்சிபாலுக்கு லெட்டர் எழுதறது, மைக் செட்காரர்கிட்ட ரேட் பேசறது, வசூலான பணத்துக்குக் கணக்கு வைக்கறது, கடைசி நேரத்துல கரண்ட் போனா என்ன பண்றதுன்னு முடிவெடுக்கறது, எல்லாம் இவங்க தலையில விழும். கோலம் போடறதும் வரவேற்புல பன்னீர் தெளிக்கறதும் மட்டும் பொண்ணுங்க வேலைன்னு ஒதுங்கிக்க முடியாது. வேலைக்கு இன்டர்வியூ போகும்போது "நீ என்ன பொறுப்பு எடுத்து நடத்தியிருக்கே?"ன்னு கேப்பாங்க. சொல்றதுக்கு கையில ஒண்ணு இருக்கும்.

என்.எஸ்.எஸ்.ல சேந்தா வருஷத்துக்கு 120 மணி நேரம், ரெண்டு வருஷத்துல 240 மணி நேரம் வேலை, அதோட கிராமத்துல 7 நாள் தங்கி ஒரு முகாம். என்.சி.சி.ங்கற தேசிய மாணவர் படையில ரெண்டு வருஷம் முடிச்சா 'பி' சர்டிஃபிகேட், மூணாவது வருஷம் 'சி' சர்டிஃபிகேட். போலீஸ் வேலை, ராணுவ வேலைக்கு ஆசைப்படற பொண்ணுக்கு அது ரொம்ப உதவும். எல்லாக் காலேஜ்லயும் என்.சி.சி. யூனிட் இருக்காது, சேரறதுக்கு முன்னாடியே கேட்டுக்கணும். இதுல தடங்கல் வர்றது வீட்டுல இருந்துதான். பேரு குடுத்துட்டு, முகாம்னு சொன்ன உடனே "வெளியூர்ல ராத்திரி தங்க வேணாம்"னு நிறுத்திடறாங்க. முகாம் போகலன்னா சர்டிஃபிகேட் இல்லீங்க. மகளிர் கல்லூரி என்.எஸ்.எஸ். முகாம்ல கூட வர்ற எல்லாருமே பொண்ணுங்கதான், பொறுப்பு டீச்சரும் கூடவே தங்குவாங்க. தைரியமா அனுப்புங்க.

இன்னொண்ணு, யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம். மாதவிடாய் நாள். வலி தாங்காம மாசத்துக்கு ரெண்டு நாள் லீவு போடற பொண்ணுங்க இருக்காங்க. பரிட்சை எழுத 75 சதவீதம் அட்டெண்டன்ஸ் வேணும். அந்த ரெண்டு நாள், பஸ் வராத நாள், ஊர்த் திருவிழா, சொந்தக்காரங்க கல்யாணம் எல்லாம் சேந்தா செமஸ்டர் கடைசியில கணக்கு இடிக்கும். மகளிர் கல்லூரியில "வயிறு வலிக்குது, ஒரு பீரியட் படுத்துக்கறேன்"னு கூசாம கேக்கலாம். ஆனா படுக்க ரூம் இருக்கான்னு நேர்ல பாருங்க. கழிப்பறையில மத்தியானத்துக்கு மேலயும் தண்ணி வருதா, நாப்கின் போடறதுக்கு மூடி வெச்ச தொட்டி இருக்கா, அதையும் பாருங்க. காலையில போனா எல்லாக் கழிப்பறையும் சுத்தமாத்தான் இருக்கும், அதனால மூணு மணிக்குப் போய்ப் பாருங்க. தண்ணி சரியில்லாத எடத்துல பொண்ணுங்க நாள் முழுக்க தண்ணியே குடிக்காம இருப்பாங்க, அதுல யூரின் இன்ஃபெக்ஷன் வரும்.

சரி, உங்க சொந்தக்காரங்க சொல்ற பயத்துக்கு வர்றேன். ஆம்பளைங்க முன்னாடி பேச்சு வராதுங்கறது முழுசாச் சரியில்ல. மகளிர் கல்லூரியிலயும் ஆண் ஆசிரியருங்க இருக்காங்க. பஸ்ஸுல, கடையில, பேங்க்ல எல்லாம் பொண்ணு பேசிட்டுத்தான் இருக்கா. நம்ம பக்கத்துப் புள்ளைங்க இன்டர்வியூல திணர்றதுக்குப் பெரும்பாலும் காரணம் இங்கிலீஷ். தமிழ் மீடியத்துல 12 வருஷம் படிச்சுட்டு, திடீர்னு எல்லாப் பாடமும் இங்கிலீஷ்ல. பதில் தெரியும், வாக்கியம் வராது. அதுக்கு வழி, கிளாஸ்ல செமினார் குடுக்கும்போது பேப்பரப் பாத்துப் படிக்காம சொல்றதுதான். மொத தடவை ரெண்டு நிமிஷம் நின்னாப் போதும். எல்லாரும் பொண்ணுங்களா இருக்கற கிளாஸ்ல தப்பாப் பேசினாலும் வெக்கம் கொறச்சல், அதனால முயற்சி பண்ண முடியும். இந்த எடத்துல மகளிர் கல்லூரி ஒதவித்தான் பண்ணுது.

ஆனா உண்மையான கொறை ஒண்ணு இருக்கு, அத மறைக்கக் கூடாது. ஆண்களோட ஒரே டீம்ல உக்காந்து, சரிசமமா வாதாடி, "இல்ல, நீங்க சொல்றது தப்பு"ன்னு சொல்லிப் பழகற வாய்ப்பு மூணு வருஷமும் கெடைக்காது. இதுக்கு ரெண்டாவது வருஷத்துல இருந்தே ஏற்பாடு பண்ணணும். மத்த காலேஜ்ல நடக்கற பேச்சுப் போட்டி, வினாடி வினா, பேப்பர் பிரசண்டேஷனுக்கு அனுப்புங்க. நான் முதல்வன் திட்டத்துல வர்ற பயிற்சிய மார்க்குக்காக மட்டும் ஒப்பேத்தாம ஒழுங்கா முடிக்கச் சொல்லுங்க. லீவுல ஓசூர் பக்கம் ஒரு மாச இன்டர்ன்ஷிப் கெடைச்சா விடாதீங்க. வேலைத் தேர்வுல வர்ற குரூப் டிஸ்கஷனுக்குப் பழக, கிளாஸ்ல எட்டுப் பேரு வட்டமா உக்காந்து, ஒரு தலைப்புல 15 நிமிஷம் பேசணும். ஒருத்தர் பேசும்போது இன்னொருத்தர் வேணும்னே குறுக்க பேசணும். குறுக்க பேசறவங்களத் தாண்டி வாக்கியத்த முடிக்கற பழக்கம் வந்துட்டா, எதிர்ல யாரு உக்காந்தாலும் ஒண்ணும் இல்ல.

நம்ம மாவட்டத்துக்கே உள்ள ஒரு நிலைமையும் சொல்லணும். 2011 கணக்கெடுப்புல எழுத்தறிவுல தமிழ்நாட்டுலயே கடைசி மாவட்டம் தர்மபுரி. 2004ல அதுல இருந்து பிரிஞ்ச கிருஷ்ணகிரியும் ரொம்ப முன்னாடி இல்ல. அஞ்செட்டி, தளி, சித்தேரி மாதிரி மலை ஊர்ப் பக்கம் இன்னைக்கும் "மகளிர் கல்லூரின்னா அனுப்பறேன், இல்லன்னா வேணாம்"னு சொல்ற வீடுங்க இருக்கு. அந்த வீட்டுப் பொண்ணுக்கு மகளிர் கல்லூரி இல்லன்னா காலேஜே இல்ல. அதனால அத யாரும் பழசுன்னு எளக்காரமாப் பேசாதீங்க. ஆனா பெத்தவங்களுக்கு ஒரு வேண்டுகோள். மகளிர் கல்லூரியில சேத்துட்டோம்னு சொல்லி, ரெண்டாவது வருஷத்துல மாப்பிள்ளை பாக்க ஆரம்பிச்சுடாதீங்க. நிச்சயதார்த்தம் ஆன பொண்ணுக்கு அட்டெண்டன்ஸ் கொறையும், அரியர் விழும், டிகிரி பாதியில நிக்கும். மூணு வருஷம் அந்தப் பேச்சே வீட்டுல வேணாம்.

பண விஷயம் சுருக்கமா. ஆறாவதுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சிருந்தா புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபா வரும். இது மகளிர் கல்லூரிக்கு மட்டும் இல்ல, எந்தக் காலேஜ்ல நேர்ல கிளாஸுக்குப் போய்ப் படிச்சாலும் உண்டு. அஞ்சல் வழியில படிச்சா கெடையாது. பணம் வராம நிக்கறதுக்குக் காரணம் பெரும்பாலும் பேங்க் கணக்குதான். கணக்கு பொண்ணு பேர்ல இருக்கணும், ஆதார் அந்தக் கணக்கோட இணைஞ்சிருக்கணும், இனிஷியல் ரெண்டுலயும் ஒரே மாதிரி இருக்கணும். பள்ளிக்கூடத்துல தொடங்கின கணக்கு ரொம்ப நாளா ஓடாமக் கெடந்தா அட்மிஷனுக்கு முன்னாடியே பேங்க்ல போய் உயிர்ப்பிச்சுடுங்க. அரசு சாதா டவுன் பஸ்ஸுல பொம்பளைங்களுக்குக் கட்டணம் இல்ல, ஆனா வெளியூர் பஸ்ஸுக்கு அது செல்லாது. அதுக்குக் காலேஜ் மூலமா பஸ் பாஸ் வாங்கணும். தூரத்துல இருந்து வர்றவங்க பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிக்கு விண்ணப்பிக்கலாம். வீட்டுல இருந்து 8 கிலோமீட்டருக்கு மேல இருக்கணும்ங்கற விதி அங்க மாணவிங்களுக்குக் கெடையாது. நெறைய பேருக்கு இது தெரியாம விண்ணப்பமே போடறதில்ல.

கடைசியா உங்க பொண்ணுக்கு. கணக்கும் பிஸிக்ஸும் நல்ல மார்க்னு சொல்றீங்க. இன்ஜினியரிங் ஆசை இருந்தா, மகளிர் கல்லூரிதான் வேணும்ங்கறதுக்காக பர்கூர் அரசு இன்ஜினியரிங் கல்லூரிய விட்டுடாதீங்க. அரசுப் பள்ளி மாணவிங்கறதால 7.5 சதவீத ஒதுக்கீட்டுல எடம் கெடைச்சா கல்விக் கட்டணத்த அரசே கட்டும். பி.எஸ்ஸி.தான்னு முடிவானா, மொதல்ல பாடம், ரெண்டாவது பஸ், மூணாவதுதான் மகளிரா இருபாலரான்னு பாருங்க. அரசுக் கலைக் கல்லூரிக்கெல்லாம் ஒரே ஆன்லைன் விண்ணப்பம்தான், அதுல பல காலேஜ் குறிப்பிடலாம். காவேரிப்பட்டணத்துல இருந்து கிருஷ்ணகிரி மகளிர் கல்லூரியும் பக்கம், காரிமங்கலம் மகளிர் கல்லூரியும் பக்கம், தர்மபுரி அரசுக் கல்லூரிக்கும் நேர் பஸ் இருக்கு. அவளுக்கு வேணும்ங்கற பாடம் எங்கெங்க இருக்குன்னு மொதல்ல பாத்துட்டு, மூணையும் போடுங்க. கடைசி பீரியட் முடிஞ்சு எத்தன மணிக்கு பஸ்னு அந்தந்த ஸ்டாப்ல நின்னு ஒரு நாள் பாத்துட்டு வரிசைய முடிவு பண்ணுங்க. அந்த வரிசைய அவளே தன் கையால பதிவு பண்ணட்டும்.