அறிக்கையில் இடம்பெறாத கணக்கு

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

2019 நவம்பர் 22 அன்று, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி பிறப்பித்த ஓர் இடைக்கால உத்தரவைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். ஹைதராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட கார்வி பங்குத்தரகு நிறுவனம் இனிப் புதிய வாடிக்கையாளர்களைச் சேர்க்கக் கூடாது என்றது அந்த உத்தரவு. ஊருக்கு ஊர் கிளை விரித்திருந்த நிறுவனம் அது. ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்துப் பங்கு வாங்கியவர்கள் எத்தனையோ பேர் அதை நம்பியிருந்தார்கள்.

நடந்தது இதுதான். கணக்குத் தொடங்கும்போது வாடிக்கையாளரிடம் ஓர் அதிகாரப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவார்கள். விற்ற பங்கை எடுத்துக் கொடுப்பது போன்ற வேலைகளுக்குத்தான் அது. அந்த அதிகாரத்தைக் கொண்டே வாடிக்கையாளர்களின் பங்குகளைத் தன் பெயரில் இருந்த டிமேட் கணக்குக்கு, அதாவது பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்குக்கு மாற்றி, தன் சொத்துபோல வங்கிகளிடமும் நிதி நிறுவனங்களிடமும் அடகு வைத்துக் கடன் வாங்கியது கார்வி. அடகுக்குப் போனவை 95,000-க்கும் மேற்பட்டவர்களின் பங்குகள்; மதிப்பு சுமார் 2,300 கோடி ரூபாய்.

இவ்வளவு பெரிய காரியம் எப்படி மறைந்திருந்தது? வாடிக்கையாளர் பங்குகள் எங்கெங்கே இருக்கின்றன என்று தரகர்கள் பங்குச் சந்தைக்கு அறிக்கை தர வேண்டும். 2019 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை கார்வி தந்த அறிக்கைகளில் ஒரு டிமேட் கணக்கு இடம்பெறவே இல்லை. பங்குகளைக் கொண்டுபோய் வைத்திருந்த கணக்கே அதுதான். எழுதியதைத் திருத்துவது மட்டுமல்ல, எழுத வேண்டியதை விடுவதும் பொய்க்கணக்குதான். என்னைக் கேட்டால், இரண்டாவதுதான் அதிக ஆபத்தானது. திருத்தியதற்காவது தடயம் இருக்கும்.

டிசம்பர் 2 அன்று வர்த்தக உரிமம் நிறுத்தப்பட்டது. அடகில் இருந்த பங்குகள் சுமார் 82,500 பேரின் கணக்குகளுக்குத் திரும்பின. கடன் கொடுத்தவர்கள் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். 2020 நவம்பரில் தேசிய பங்குச் சந்தை கார்வியை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கியது. செபியின் இறுதி உத்தரவு வந்தது 2023 ஏப்ரலில்: நிறுவனத்துக்கும் அதன் நிறுவனருக்கும் ஏழு ஆண்டுத் தடை, இருவருக்குமாக 21 கோடி ரூபாய் அபராதம். பதிவு ரத்தானது அதற்கும் பிறகுதான். இடைக்கால உத்தரவுக்கும் இறுதி உத்தரவுக்கும் நடுவே மூன்றரை ஆண்டுகள்! இந்தத் தாமதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அறிக்கையில் ஒரு கணக்கு விடுபட்டது தெரிந்த அன்றே, பணம் போயிற்றா இல்லையா என்று பாராமல், அதை முழுக் குற்றமாக நடத்த வேண்டும்.

ஒன்று நல்லபடியாக மாறியிருக்கிறது. 2020 செப்டம்பர் முதல், மார்ஜினுக்காக, அதாவது வர்த்தகத்துக்கான பிணையாகத் தரும் பங்கு தரகர் கணக்குக்குப் போவதில்லை. உங்கள் டிமேட் கணக்கிலேயே இருந்தபடி அடகாகக் குறிக்கப்படும். அதற்கு உங்கள் கைபேசிக்கு ஓடிபி வரும். அந்த எண்ணைத் தரகரின் ஊழியர் கேட்டாலும் சொல்லாதீர்கள். டிமேட் கணக்குகளைப் பராமரிக்கும் அமைப்பான டெபாசிட்டரி நேரடியாக அனுப்பும் தொகுப்பு அறிக்கையைத் திறந்து, தரகரின் செயலியில் தெரியும் எண்ணிக்கையோடு பங்கு பங்காக ஒப்பிடுங்கள். ஒரு பங்கு குறைந்தாலும் தரகரிடம் எழுத்தில் விளக்கம் கேளுங்கள். சரியான பதில் இல்லையென்றால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் பதியுங்கள்.

நன்றி, வணக்கம்.