என்ஜினை மாற்றினால் மலை ஏறுமா?

நடுவர் அவர்களே, மஃப்ளரும் குல்லாவுமாக இந்தக் குளிரிலும் வந்து உட்கார்ந்திருக்கும் குன்னூர் மக்களே, வணக்கம்.

நான் எஸ்டேட் டீமில் ஒன்பது வருடம் கோல்கீப்பராக நின்றவன். பந்தைப் பிடித்ததைவிட வலைக்குள்ளிருந்து பொறுக்கிக் கொடுத்ததுதான் அதிகம். ஆகவே தோல்வியைப் பற்றிப் பேச இந்த மேடையில் என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது.

இன்றைய தலைப்பு இது: ‘புதுப்புது மேலாளர்கள் வந்தும் சில கால்பந்து கிளப்புகள் தொடர்ந்து தோற்கக் காரணம் மேலாளர்களா, நிர்வாகமா?’ மேலாளர் என்றால் இங்கே அணியைப் பயிற்றுவித்து ஆடவைக்கும் கோச். மேலாளர்களே என்கிறது எதிரணி. நிர்வாகமே என்கிறோம் நாங்கள். எனக்கு முன்னால் பேசிய தம்பி அழகாகப் பேசினார். ஆனால் தலைப்பில் உள்ள ‘தொடர்ந்து’ என்ற சொல்லை மட்டும் கடைசிவரை தொடவே இல்லை. ஒருவர் தோற்றால் அவர் சரியில்லை எனலாம். அடுத்தவரும் தோற்றால் நேரம் சரியில்லை எனலாம். வந்த ஆறு மருமகளும் வைத்த சோறு அடிப்பிடித்தால், அப்புறமாவது பானையைத் திருப்பிப் பார்க்க வேண்டாமா?

தம்பி நம் மலை ரயிலை உதாரணம் காட்டிக் கைதட்டல் வாங்கினார். ‘மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் ரயிலுக்குக் குன்னூர் ஸ்டேஷனில் என்ஜினை மாற்றுகிறார்கள், ரயில் ஊட்டி போய்ச் சேருகிறது, கிளப்புக்கும் அதுதான்’ என்றார். தம்பி, நீங்கள் ரயிலைப் பார்த்தீர்கள், தண்டவாளத்தைப் பார்க்கவில்லை. மலையடிவாரக் கல்லாற்றிலிருந்து குன்னூர் வரை இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பல்சட்டம் ஓடுகிறது. பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏறும் சரிவில் என்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வித்தான் மேலே வருகிறது. அந்தச் சட்டத்தைக் கழற்றி வைத்துவிட்டு எந்த நாட்டு என்ஜினைக் கொண்டுவந்து மாட்டினாலும் வண்டி கல்லாற்றுக்குத்தான் திரும்பும்.

இன்னொன்றும் சொல்கிறேன். குன்னூரில் என்ஜினை மாற்றுவது பழையது தோற்றுப்போனதால் அல்ல. இதற்கு மேல் பல்சட்டம் கிடையாது, பாதையின் குணம் மாறுகிறது. அதற்கு எது வேண்டும் என்று முன்பே முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தோற்றுவிட்டுத் திங்கட்கிழமை காலையில் ‘யார் சும்மா இருக்கிறார்?’ என்று போன் போட்டு விசாரிப்பதில்லை.

எதிரணியின் பெரிய ஆயுதம் லண்டனின் செல்சி கிளப். 2012 மார்ச்சில் வில்லாஸ்-போவாஸை அனுப்பினார்கள், தற்காலிகமாக வந்த டி மட்டேயோ மே மாதமே ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கினார். 2021 ஜனவரியில் லாம்பார்டை அனுப்பினார்கள், டூஹெல் வந்தார், மே மாதம் மறுபடியும் அதே கோப்பை. உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் 2012 இறுதி ஆட்டத்தில் யார் ஆடினார்கள்? செக், லாம்பார்ட், ட்ரோக்பா. டெர்ரி தடையால் ஆடவில்லை என்றாலும் அணியின் கேப்டன் அவர்தான். இந்த நால்வரும் 2004 முதல் அதே கிளப்பில் இருந்தவர்கள். மேலாளர்கள் வந்தார்கள், போனார்கள், நடுவில் இருந்த பல்சட்டம் அப்படியே இருந்தது. யார் வந்தாலும் அது கவ்வியது.

2022-ல் கிளப் கை மாறியது. புது முதலாளிகள் பணத்தைக் கொட்டினார்கள், மாற்ற முடிந்ததையெல்லாம் மாற்றினார்கள். டூஹெல் செப்டம்பரில் போனார். பிரைட்டன் கிளப்பில் அருமையாக வேலை செய்துகொண்டிருந்த கிரகாம் பாட்டரை அழைத்து வந்தார்கள், ஏப்ரலில் அவரும் போனார். ஒரே ஓர் ஆட்டத்துக்கு புரூனோ சால்டோர் நின்றார், மிச்சத்துக்கு மறுபடியும் லாம்பார்ட். ஒரே பருவத்தில் நான்கு பேர். இங்கிலாந்தின் முதல் நிலை லீகில் முடித்தது 12-ஆம் இடத்தில்.

சரி, மேலாளரைப் பறிகொடுத்த பிரைட்டன் என்ன ஆனது? மேலாளர்தான் எல்லாம் என்றால் அது கவிழ்ந்திருக்க வேண்டும் அல்லவா? அவர்கள் டி செர்பியைக் கொண்டுவந்தார்கள். அந்தப் பருவம் ஆறாம் இடம். கிளப்பின் வரலாற்றில் முதல் முறையாக ஐரோப்பியப் போட்டிக்குத் தகுதி. டி செர்பியும் 2024-ல் போனார். 31 வயது ஹுர்செலர் வந்தார், எட்டாம் இடம். அந்தக் கிளப்பின் உரிமையாளர் டோனி ப்ளூம் பந்தயத்தில் புள்ளிவிவரங்களை அலசியே பணம் சேர்த்தவர். எப்படிப்பட்ட ஆட்டம், அதற்கு எப்படிப்பட்ட வீரர் என்பது அங்கே கிளப்பின் முடிவு. மேலாளர் அந்த முடிவுக்குள் வந்து உட்காருகிறார். அவர் எழுந்து போகும்போது நாற்காலியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போவதில்லை.

லண்டனுக்கு ஏன் போக வேண்டும், சென்னைக்கு வாருங்கள். தம்பி ஓவன் கோய்லைச் சொன்னார். இந்தியன் சூப்பர் லீகின் 2019–20 பருவத்தில் நம் சென்னையின் எஃப்.சி. அணி தடுமாறியபோது ஜான் கிரகரி போனார், கோய்ல் வந்தார், அதே வீரர்களை இறுதி ஆட்டம் வரை கூட்டிப் போனார். அந்த மாற்றத்தைக் கண்ணால் பார்த்தவன் நான், அதைக் குறைத்துச் சொன்னால் வாய் வேகும். ஆனால் தம்பி கதையைப் பாதியில் நிறுத்திவிட்டார். அடுத்த பருவத்துக்குள் கோய்ல் ஜாம்ஷெட்பூருக்குப் போனார். 2021–22-ல் அந்த அணிக்கு லீகில் முதலிடத்துக்கான ஷீல்டை வாங்கிக் கொடுத்தார். சென்னையின் எஃப்.சி. என்ன செய்தது? முதலில் சாபா லாஸ்லோ, எட்டாம் இடம். அடுத்து பந்தோவிச், பருவம் முடியும் முன்பே அவரையும் அனுப்பியாயிற்று, எட்டாம் இடம். அதற்கடுத்து பர்டாரிச். எத்தனையாவது இடம், நீங்களே சொல்லுங்கள்!

அதே எட்டு. மூன்று பருவம், மூன்று நாட்டுக்காரர்கள், ஒரே எட்டு. ஹங்கேரிக்காரரும் மாண்டினீக்ரோக்காரரும் ஜெர்மானியரும் பேசி வைத்துக்கொண்டா எட்டாம் இடத்துக்கு வந்தார்கள்? ‘2023-ல் கோய்ல் திரும்பி வந்ததும் பிளே-ஆஃப் போனார்களே, அப்படியானால் ஆள்தானே முக்கியம்?’ என்று எதிரணி அக்கா இப்போதே குறிப்பெடுப்பது தெரிகிறது. எழுதுங்கள் அக்கா, கூடவே இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: கிடைத்த அந்த நல்ல ஆளைத் தக்கவைப்பது யாருடைய வேலை? கோச்சின் வேலையா?

புதியவர் வந்ததும் ஒரு துள்ளல் வருகிறதே, அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாஸ் டெர் வீல் என்ற பொருளியலாளர் நெதர்லாந்தின் முதல் நிலை லீகை 1986 முதல் 2004 வரை எடுத்து ஆராய்ந்தார். மோசமாக ஆடி மேலாளரை மாற்றிய கிளப்புகள் பிறகு மீண்டன, சரி. அதே அளவு மோசமாக ஆடி மேலாளரை மாற்றாத கிளப்புகளும் ஏறக்குறைய அதே மாதிரி மீண்டன. நம் ஊர்க்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். சிம்ஸ் பார்க் முன்னால் மூடுபனி இறங்கிக் கிடக்கிறது. ஒருவர் வந்து கையில் இருக்கும் பேப்பரால் விசிறுகிறார். பத்து நிமிடத்தில் பனி விலகுகிறது. அவருக்கு மாலை போட்டு, மூன்று வருட ஒப்பந்தமும் எழுதிக் கொடுப்பீர்களா?

இனி பெரிய இடத்துக்கு வருகிறேன், மான்செஸ்டர் யுனைடெட். எதிரணி அதன் பழைய மேலாளர் பெர்குசனைக் காட்டி ‘ஒரு மனிதர் கட்டிய கோட்டை’ என்றது. அவர் வந்தது 1986 நவம்பர். 1989–90 பருவத்தில் லீகில் 13-ஆம் இடம். முதல் கோப்பை 1990-ல் வந்த இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை, முதல் லீக் பட்டம் 1993. இந்த அரங்கில் சிறு தேயிலை விவசாயிகள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். கவாத்து வெட்டிய செடியில் மறுவாரமே கொழுந்து கேட்டு நிற்பீர்களா? அன்றைய நிர்வாகம் கேட்கவில்லை. அந்தப் பொறுமை இல்லையென்றால் பெர்குசனும், வந்து போன பெயர்களின் பட்டியலில் ஒரு பெயர்தான்.

2013-ல் அவர் ஓய்வு பெற்றார். அதே கோடையில் தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் விலகினார். சமையல்காரரும் சரக்கு வாங்குபவரும் ஒரே நாளில் போய்விட்டார்கள். அதன் பிறகு நடந்ததைப் பாருங்கள். மோயஸுக்கு ஆறு வருட ஒப்பந்தம், பத்தே மாதத்தில் வீட்டுக்கு. வான் ஹால் வந்தார். அவர் காலத்தில் பெரும் பணம் கொடுத்து வாங்கிய டி மரியா ஒரே வருடத்தில் போனார், அடுத்து ஷ்வைன்ஸ்டைகரை வாங்கினார்கள். 2016-ல் எஃப்.ஏ. கோப்பையை வென்ற இரண்டாம் நாள் வான் ஹாலை அனுப்பினார்கள். மொரினியோ வந்ததும் உலகக் கோப்பை வென்ற அந்த ஷ்வைன்ஸ்டைகரை முதல் அணியோடு பயிற்சி செய்யவே விடவில்லை. ஒருவர் ஆசைப்பட்டு வாங்கியவர் அடுத்தவருக்குச் சுமை. ஒவ்வொரு மேலாளரும் முந்தையவரின் மிச்சத்தை வைத்துக்கொண்டு, வேறொரு வீட்டுக்கு அளவெடுத்த கதவைத் தன் வீட்டு வாசலில் பொருத்திக்கொண்டிருந்தார்.

இவர்களில் யார் கையாலாகாதவர்? வான் ஹால் 1995-ல் அயாக்ஸோடு ஐரோப்பாவை வென்றவர். மொரினியோ போர்ட்டோவோடும் இன்டரோடும் வென்றவர். பிறகு வந்த டென் ஹாக் அயாக்ஸை 2019-ல் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதிக்குக் கொண்டுபோனவர். அவருக்குப் பின் வந்த அமோரிம் ஸ்போர்ட்டிங் அணிக்கு இரண்டு லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தவர், யுனைடெட்டின் மைதானமான ஓல்டு டிராஃபோர்டில் அவருடைய முதல் பருவம் 15-ஆம் இடத்தில் முடிந்தது. பத்து மாதத்தில் விரட்டப்பட்ட மோயஸ்? 2023-ல் வெஸ்ட் ஹாமுக்கு ஐரோப்பாவின் கான்ஃபரன்ஸ் லீக் கோப்பையே வாங்கிக் கொடுத்தார். யுனைடெட் வாசலுக்குள் நுழைந்தால் மட்டும் எல்லோருக்கும் ஆட்டம் மறந்துபோகிறதாம், நாம் நம்ப வேண்டுமாம்.

மேலாளரைத் தேர்ந்தெடுக்கும் இடத்தைப் பாருங்கள். கால்பந்து இயக்குநர் என்ற பதவியையே அந்தக் கிளப் 2021-ல்தான் உருவாக்கியது. 2024 ஜூலையில் விளையாட்டு இயக்குநராக டான் ஆஷ்வொர்த்தைப் பெரிய எதிர்பார்ப்போடு கொண்டுவந்தார்கள், டிசம்பரில் அவரும் போனார். அதே ஜூலையில் டென் ஹாக்குக்கு ஒப்பந்தத்தை நீட்டினார்கள், அக்டோபரில் வேலையை விட்டு நீக்கினார்கள். நீட்டியவர்களும் நீக்கியவர்களும் ஒரே ஆட்கள். நடுவில் இருந்தது நான்கு மாதம். நம் தோட்டத்தில் ஒரு கேரட் போகம் முடியவே அதற்குப் பக்கமாக ஆகும்.

இடையில் ரங்னிக் என்று ஒரு ஜெர்மானியர் தற்காலிக மேலாளராக வந்தார். இது மேல்பூச்சு வேலையால் தீராது, திறந்த இதய அறுவை சிகிச்சையே தேவை என்று 2022-ல் வெளிப்படையாகச் சொன்னார். அவரைப் பிறகு ஆலோசகராக வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. அந்த வேலை தொடங்குவதற்கு முன்பே பிரிந்துவிட்டார்கள். நோயைச் சொன்ன டாக்டரை மாற்றினார்கள், நடுவர் அவர்களே.

இதெல்லாம் கோடிகளில் புரளும் கிளப்புகள், நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். நான் ஆடிய டீமின் கதை சொல்கிறேன், பெயர் வேண்டாம். ஜெர்சியும் ஷூவும் வாங்கிக் கொடுத்த ஒரு பெரியவர் இருந்தார், நல்ல மனிதர். அவருடைய அக்கா மகன்தான் எங்கள் சென்டர் ஃபார்வர்டு. பந்து வந்தால் பையன் முதலில் தலைமுடியைச் சரிசெய்வான், அப்புறம்தான் உதைப்பான். நான்கு வருடத்தில் மூன்று கோச் மாறினார்கள். மூன்று பேரும் முதல் வாரமே அவனை வெளியே உட்காரவைக்கச் சொன்னார்கள், மூன்று பேரும் அடுத்த மாதம் டீமில் இல்லை. ஒவ்வொரு முறையும் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ‘இந்தக் கோச்சும் சரியில்லைப்பா’ என்று பெரியவர் மனம் நொந்து சொல்வார். நாங்களும் தலையாட்டுவோம். ஜெர்சி அவருடையதாயிற்றே.

மணி அடிக்கிறார்கள். ஒரு நிமிடம் கொடுங்கள், இங்கிலாந்து மேலாளர் பிரையன் கிளஃபைச் சொல்லிவிட்டு இறங்குகிறேன். 1974-ல் லீட்ஸ் அணி இங்கிலாந்து லீகின் நடப்பு சாம்பியன். அந்த வீரர்களையும் அவர்களின் ஆட்டத்தையும் பல வருடமாக ஊரறியத் திட்டிவந்த கிளஃபையே தேடிப்பிடித்து மேலாளராக்கினார்கள். 44 நாள், அவ்வளவுதான். வாய்த்துடுக்கு உள்ளவர் என்பதை நான் மறைக்கவில்லை. அது லீட்ஸ் நிர்வாகத்துக்கு மட்டும் தெரியாதா? நான்கு மாதம்கூட ஆகவில்லை, இரண்டாம் டிவிஷனில் இருந்த நாட்டிங்காம் ஃபாரஸ்ட் அவரை அழைத்தது. லீட்ஸுக்கு அவரோடு வராத பழைய கூட்டாளி பீட்டர் டெய்லரும் 1976-ல் அங்கே வந்து சேர்ந்தார். 1978-ல் லீக் பட்டம், 1979-லும் 1980-லும் ஐரோப்பியக் கோப்பை, அதாவது இன்றைய சாம்பியன்ஸ் லீக். அந்தக் கிளப்பில் கிளஃப் இருந்தது 18 வருடம்.

அடுத்துப் பேச வரும் அக்காவிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். லீட்ஸ் வாசலில் நுழைந்தவரும் நாட்டிங்காம் வாசலில் நுழைந்தவரும் ஒரே கிளஃப்தானே, அக்கா? இதற்குப் பதில் சொல்லிவிட்டு அவர் பேச்சைத் தொடங்கட்டும். பந்து இப்போது அவர் பக்கம். கோல்கீப்பர் இறங்குகிறேன், நன்றி.