பாட்ஸ்வில் மரூன்ஸ் பட்டத்தை இழந்தது அவசரத்தால்தான்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர் பேசி முடித்து அரை நிமிடம் ஆகியும் கைதட்டலை நிறுத்தாத அவையோரே, வணக்கம்.

தலைப்பு எல்லோருக்கும் தெரியும். 1925இல் பாட்ஸ்வில் மரூன்ஸ் அணி அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். பட்டத்தை இழந்தது லீக்கின் அநீதியாலா, அணியின் அவசரத்தாலா? வேறோர் அணியின் எல்லைக்குள் ஒரு கண்காட்சி ஆட்டம் ஆடியதற்காக லீக் மரூன்ஸை இடைநீக்கம் செய்தது, பட்டமும் கைவிட்டுப் போனது; அது அநீதி என்று அந்தப் பக்கம் அழுதே தீர்த்துவிட்டார்கள். அவசரம் என்று சொல்ல வந்திருக்கிறேன். அழுகைக்குப் பிறகு கணக்குப் பேசுகிறவன் பாடு எப்போதும் திண்டாட்டம்தான். இருந்தாலும் கணக்கைத்தான் பேசப்போகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த ஆண்டு மைதானத்தில் மரூன்ஸைப் போல ஆடிய அணி வேறில்லை. பென்சில்வேனியாவின் ஷூல்கில் மாவட்டத்தில் இருபதாயிரத்துச் சொச்சம் பேர் இருந்த நிலக்கரி ஊர். செப்டம்பர் 1ஆம் தேதி சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது முடிந்தது 1926 பிப்ரவரியில். அதாவது அந்த சீசன் முழுக்க ஊரில் கூலியே இல்லை. அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்த அணி, லீக்கில் சேர்ந்த முதல் வருடமே 12 ஆட்டத்தில் 10 வெற்றி. அடித்தது 270 புள்ளி, விட்டுக்கொடுத்தது 45. சார்லி பெர்ரி ஒருவரே 74 புள்ளி, லீக்கில் அந்த ஆண்டு அதுதான் அதிகம். முட்டித் தள்ளி ஓடிய டோனி லாட்டோன் சுரங்கத்தில் உழைத்து வளர்ந்தவர். அந்த ஆண்டில் ஓர் அணிக்கு 16 பேர்தான் என்று லீக் வரம்பு வைத்திருந்தது. அந்தப் பதினாறு பேரே தாக்கவும் வேண்டும், தடுக்கவும் வேண்டும். மற்ற ஊர்க்காரர்கள் பலர் வாரம் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு ஆட்டத்தன்று வந்து சேர்வார்கள். மரூன்ஸின் உரிமையாளர், அறுவை மருத்துவர் ஜான் ஸ்ட்ரீகல், வீரர்களை ஊரிலேயே தங்கவைத்தார். பயிற்சியாளர் டிக் ரௌச் சேர்த்துவைத்துப் பழக்கினார். திறமையில் நமக்குள் சண்டையே இல்லை.

ஆனால் எதிரணி நண்பர் 49-0 என்று மேசையைத் தட்டினாரே, அதை மட்டும் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். நவம்பர் 14ஆம் தேதி ஃபிராங்க்ஃபோர்ட் யெல்லோ ஜாக்கெட்ஸ் மரூன்ஸை 20-0 என்று தோற்கடித்தது. பதினைந்தே நாளில், நவம்பர் 29 ஞாயிற்றுக்கிழமை, மரூன்ஸ் அதே அணியை 49-0 என்று நொறுக்கியது. எப்படி? ஃபிராங்க்ஃபோர்ட் பிலடெல்ஃபியா நகர அணி. பென்சில்வேனியாவில் ஞாயிறு விளையாட்டுக்கு அப்போது சட்டத்தில் தடை. ஆகவே அவர்கள் சனிக்கிழமை சொந்த ஊரில் ஆடுவார்கள், ஞாயிறு வெளியூர் போவார்கள். பாட்ஸ்வில் அந்தச் சட்டத்தைக் கண்டுகொள்ளாமல் ஞாயிறு ஆடிய ஊர். நவம்பர் 28 சனிக்கிழமை ஃபிராங்க்ஃபோர்ட் கிரீன் பே பேக்கர்ஸுடன் 13-7 என்று மல்லுக்கட்டி ஜெயித்துவிட்டு, இரவோடு இரவாகக் கிளம்பி மறுநாள் நிலக்கரி ஊரில் இறங்கியது. மரூன்ஸ் வியாழக்கிழமை ஆடியபின் வெள்ளி, சனி இரண்டு நாளும் ஓய்வு. வெற்றி வெற்றிதான், குறை சொல்லவில்லை. 49-0 என்றால் 49 மடங்கு பெரிய அணி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

சரி, பட்டத்துக்கு வருவோம். டிசம்பர் 6, சிகாகோ, கமிஸ்கி பார்க். சிகாகோவின் கார்டினல்ஸ் அணியை மரூன்ஸ் 21-7 என்று வென்றது. பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் சேர்க்கும் டச் டவுன், பார்னி வென்ட்ஸ் இரண்டு, வால்டர் ஃபிரெஞ்ச் ஒன்று, மூன்றுக்கும் கூடுதல் புள்ளியை உதைத்தது பெர்ரி. "அன்றே சாம்பியன் ஆகிவிட்டார்கள்" என்றார் நண்பர். எந்த விதிப்படி? இறுதிப்போட்டி என்ற ஒன்றே அந்த லீக்கில் அப்போது கிடையாது. இருபது அணிகள், அட்டவணையை அணிகளே பேசி முடித்துக்கொள்ளும். ஃபிராங்க்ஃபோர்ட் 20 ஆட்டம் ஆடியது, டுலூத் மூன்றே மூன்று. ஆகவே வெற்றி விகிதம்தான் அளவுகோல்: வெற்றியை, வெற்றியும் தோல்வியும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும், சமனான ஆட்டம் கணக்கிலேயே வராது. சீசன் டிசம்பர் 20 வரை திறந்திருந்தது. டிசம்பர் 6இல் கொண்டாடியது பத்திரிகைகள். லீக்கின் கணக்குப்புத்தகம் இன்னும் மூடவில்லை.

அதைப் புரிந்துகொண்டவர் கார்டினல்ஸ் உரிமையாளர் கிறிஸ் ஓ'பிரையன். உடனே இரண்டு ஆட்டம் பிடித்தார். டிசம்பர் 10 மில்வாக்கி பேட்ஜர்ஸ், 59-0. டிசம்பர் 12 ஹாம்மண்ட் புரோஸ், 13-0. கார்டினல்ஸ் 11 வெற்றி, 2 தோல்வி, 0.846. மரூன்ஸ் 10 வெற்றி, 2 தோல்வி, 0.833. கலைந்துபோகும் நிலையிலிருந்த இரண்டு அணிகளைப் பிடித்து இழுத்துவந்து ஜெயித்தார்களே என்று கேட்கலாம். கேளுங்கள், அசிங்கமான வேலைதான். விதிக்குள் நடந்த அசிங்கம்.

விதிக்கு வெளியே நடந்ததும் உண்டு, மறைக்கமாட்டேன். ஆள் பற்றாமல் தவித்த மில்வாக்கி அணியில் அன்று நான்கு உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் ஆடினார்கள். அவர்களைச் சேர்த்துவிட்டது கார்டினல்ஸ் வீரர் ஆர்ட் ஃபோல்ட்ஸ். "அந்தக் குற்றத்துக்கு லீக் கண்ணை மூடிக்கொண்டது" என்றார் எதிரணித் தங்கை. மூடவில்லையம்மா. லீக் தலைவர் ஜோ கார் ஃபோல்ட்ஸுக்கு ஆயுள் தடை விதித்தார். மில்வாக்கி உரிமையாளருக்கு 500 டாலர் அபராதம் போட்டு, 90 நாளில் அணியை விற்றுவிட்டுப் போ என்றார். ஓ'பிரையனுக்கு 1,000 டாலர் அபராதம், ஓராண்டு கண்காணிப்பு. மரூன்ஸுக்குப் போட்ட அபராதம் எவ்வளவு? 500. ஃபோல்ட்ஸின் தடையும் ஓ'பிரையனின் அபராதமும் பிறகு தளர்த்தப்பட்டன என்பீர்கள். உண்மை. மரூன்ஸின் தண்டனையும்தான் தளர்ந்தது; அதற்கும் வருகிறேன்.

இப்போது வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை.

டிசம்பர் 12, சனிக்கிழமை. பிலடெல்ஃபியாவின் ஷைப் பார்க். நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் முன்னாள் நட்சத்திரங்களோடு மரூன்ஸுக்கு ஒரு கண்காட்சி ஆட்டம். ஸ்டூல்ட்ரேயர், குரோலி, மில்லர், லேடன் என்று நாடே 'நான்கு குதிரை வீரர்கள்' எனக் கொண்டாடிய நால்வர் எதிரே. ஊரிலிருந்த மைனர்ஸ்வில் பார்க் சின்ன மைதானம். பெருநகரத்தில் டிக்கெட் பணம் கொட்டும் என்பது கணக்கு. தப்பான ஆசை இல்லை, தப்பான இடம். பிலடெல்ஃபியா ஃபிராங்க்ஃபோர்ட் அணியின் எல்லை. அந்த எல்லைக்குள் இன்னொரு லீக் அணி ஆடவேண்டுமென்றால் அந்த ஊர் அணியின் சம்மதம் வேண்டும். ஏன் இந்த விதி? அன்று தொலைக்காட்சிப் பணம் கிடையாது, விளம்பரதாரர் கிடையாது. ஓர் அணி உயிர்வாழ்வது வாசலில் விற்கும் டிக்கெட்டில். அந்த வாசலுக்குப் பக்கத்தில் இன்னொருவன் கடை போட்டால் அந்த வாரச் சம்பளம் போச்சு. அதே சனிக்கிழமை, அதே நகரத்தில், ஃபிராங்க்ஃபோர்ட் தன் மைதானத்தில் கிளீவ்லாந்தோடு ஆடிக்கொண்டிருந்தது. 3-0 என்று வென்றது. எத்தனை பேர் வந்திருக்க வேண்டியவர்கள் ஷைப் பார்க்குக்குப் போயிருப்பார்கள்?

அங்கேயும் கூட்டம் வழியவில்லை. எண்ணாயிரம் பேர் அளவில்தான் வந்தார்கள். ஓணானுக்குக் கொழுப்பும் இல்லை.

ஆட்டம் அருமை, மறுக்கமாட்டேன். கடைசிக் கட்டத்தில் 7-6 என்று பின்தங்கி நிற்கிறது மரூன்ஸ். ஃபீல்டு கோலுக்கு மூன்று புள்ளி. பெர்ரி உதைக்கிறார், கம்பங்களுக்கு நடுவே போகிறது. 9-7. தொழில்முறை ஆட்டக்காரர்கள் கல்லூரிப் பையன்களுக்கு ஈடாக மாட்டார்கள் என்று ஏளனம் செய்த காலத்தில் அந்த உதை மொத்த லீக்குக்கும் மரியாதை தேடித்தந்தது. பட்டமும் அதே உதையோடு பறந்தது.

ஸ்ட்ரீகலுக்குத் தெரியாமல் நடந்ததா? ஆடக்கூடாது என்று மூன்று தடவை அறிவித்ததாகக் கார் பதிவு செய்திருக்கிறார். "தொலைபேசியில் லீக் அலுவலகம் அனுமதி கொடுத்தது" என்பது ஸ்ட்ரீகல் தரப்பு. வைத்துக்கொள்வோம். அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் நோயாளியிடம் கையெழுத்து வாங்காமல் கத்தியைத் தொடுவாரா ஒரு மருத்துவர்? பட்டமே பணயமாக இருக்கும் ஆட்டத்துக்கு வாய்ச்சொல் போதுமா?

"ஃபிராங்க்ஃபோர்டும் இந்த ஆட்டத்துக்கு ஆசைப்பட்டு, மரூன்ஸிடம் தோற்றபின்தானே புகார் கொடுத்தது" என்ற வாதமும் வந்தது. என் தோட்டத்தில் நான் மாங்காய் பறிக்க ஆசைப்பட்டேன் என்பதற்காக, நீங்கள் ஏறிப் பறிக்கலாம் என்று அர்த்தமா?

ஸ்ட்ரீகலுக்கு வழியே இல்லாமலும் போகவில்லை. ஒன்று, லீக் அணி இல்லாத ஊரில் ஆடியிருக்கலாம். இல்லையா, வசூலில் பங்கு பேசி ஃபிராங்க்ஃபோர்டிடம் எழுத்தில் சம்மதம் வாங்கியிருக்கலாம். அதுவும் வேண்டாம், எட்டே நாள் பொறுத்திருக்கலாம்: டிசம்பர் 20 தாண்டிவிட்டால் சீசன் முடிந்தது, பட்டத்தைப் பையில் போட்டுக்கொண்டு எல்லைத் தகராறைப் பேசியிருக்கலாம். அவசரத்தில் அண்டாவுக்குள்ளேயும் கை நுழையாது என்பார்கள். நுழையவில்லை.

இதில் யாரும் கவனிக்காத தேதி ஒன்று இருக்கிறது. டிசம்பர் 13, ஞாயிறு. பிராவிடன்ஸ் ஸ்டீம் ரோலரோடு மரூன்ஸுக்கு ஓர் ஆட்டம் குறித்திருந்தது. அந்த அணியிடம் அக்டோபரில் ஒருமுறை 6-0 என்று தோற்றார்கள், அடுத்தமுறை 34-0 என்று திருப்பிக் கொடுத்தார்கள். அதை ஆடி ஜெயித்திருந்தால்? 11 வெற்றி, 2 தோல்வி, 0.846. கார்டினல்ஸும் 0.846. சமம் என்றால் நேருக்கு நேர் 21-7 என்று வென்றவன் பக்கம்தானே பேச்சு சாயும்? பள்ளி மாணவர்கள் ஆடிய அந்த ஒரு ஆட்டத்தையும் அடித்துவிட்டுப் பாருங்கள்: கார்டினல்ஸ் 10-2, 0.833. மரூன்ஸ் தனித்து முதலிடம், விவாதத்துக்கே இடமில்லை. அந்தப் பிராவிடன்ஸ் ஆட்டம் ஏன் நடக்கவில்லை? முந்தின நாள் ஷைப் பார்க்கில் ஆடியதற்காக அணி இடைநீக்கம், ஆட்டம் ரத்து. நோட்டர் டேமை வென்ற மறுநாளே பட்டத்துக்கான கடைசிக் கதவு சாத்திக்கொண்டது. சாத்தியது கார் என்கிறீர்கள். சாவியை அவர் கையில் கொடுத்தது யார்?

கண்காட்சி ஆட்டம்தானே, கணக்கில் வராது என்று நினைத்ததும் புதுத் தவறில்லை. 1921இல் பஃபலோ அணி நவம்பரில் சிகாகோ ஸ்டேலிஸை 7-6 என்று வென்றது. டிசம்பர் 4ஆம் தேதி மறுபடியும் ஓர் ஆட்டத்துக்கு ஒப்புக்கொண்டது, அது வெறும் கண்காட்சி என்று சொல்லிக்கொண்டே. முந்தின நாள் அக்ரனோடு வேறு ஆடிவிட்டுக் களைத்துப்போய்ச் சிகாகோவில் இறங்கி 10-7 என்று தோற்றது. உரிமையாளர்கள் கூடி அதையும் கணக்கில் சேர்த்தார்கள். பட்டம் ஸ்டேலிஸுக்குப் போனது. நான்கு வருடத்துக்கு முந்தைய இந்தப் பாடம் லீக்கில் எல்லாருக்கும் தெரியும்.

கார் சின்ன ஊர்களுக்கு விரோதி என்ற குற்றச்சாட்டும் நிற்காது. 1921 சீசனில் கல்லூரி வீரர்களைக் கள்ளத்தனமாக இறக்கியதற்காகக் கிரீன் பேயின் உரிமத்தையே பறித்தவர் அவர். 1922இலேயே கிரீன் பே திரும்ப வந்தது. பாட்ஸ்வில்லும் 1926 ஜூலையில் திரும்ப வந்தது. அன்றைய நட்சத்திர வீரர் ரெட் கிரேஞ்சை வைத்துத் தொடங்கிய போட்டி லீக் அவர்களைக் கொத்திக்கொண்டு போய்விடுமோ என்ற பயம்தான் காரணம் என்பீர்கள். இருக்கட்டும். ஒரேயடியாக அழிக்க நினைத்தவன் ஏழே மாதத்தில் கூப்பிட்டு நாற்காலி போடுவானா?

திரும்பி வந்து 1926இல் 10 வெற்றி, 2 தோல்வி, 2 சமன். அடுத்த ஆண்டு 5-8. 1928இல் 2-8. 1929இல் பாஸ்டனுக்குக் குடிபெயர்ந்து புல்டாக்ஸ் என்று பெயர் மாற்றி, 4-4 ஆடிவிட்டுக் கலைந்தது. சிறு ஊரின் டிக்கெட் பணத்தில் பெரிய அணியை ஓட்டமுடியாமல் போன கதை அது. 1925 தீர்ப்புக்கும் இதற்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

பிறகு ஓ'பிரையன். லீக் கூட்டத்தில் அவருக்குப் பட்டத்தைக் கொடுக்க முன்வந்தபோது, வேண்டாம் என்றார். அந்த மனிதரிடம் எனக்கு மரியாதை உண்டு. 1933 வாக்கில் அணி சார்லஸ் பிட்வில் கைக்கு வந்தபிறகுதான் அந்தப் பட்டத்துக்கு உரிமை கொண்டாட ஆரம்பித்தார்கள். அதே அணிதான் இன்றைய அரிசோனா கார்டினல்ஸ், இன்றும் விடவில்லை. அது அந்தக் குடும்பத்தின் வெட்கம், பாட்ஸ்வில்லின் உரிமைக்கு ஆதாரமில்லை. 2003இல் வழக்கைத் திறக்கலாமா என்று லீக்கின் அணி உரிமையாளர்களைக் கேட்டபோது 30-2 என்று மறுத்தார்கள். திறக்கலாம் என்ற இருவர் பிட்ஸ்பர்க்கும் பிலடெல்ஃபியாவும், இரண்டும் பென்சில்வேனியா. சொந்த மாநிலத்துக்காரன் ஓட்டு மட்டும் வாங்கியவரை நம்மூரில் என்ன சொல்வோம்?

நிலக்கரியில் செதுக்கிய அந்தப் பந்தைப் பற்றி எதிரணி உருகியது. ஒஹையோ மாநிலத்தின் கான்டனில் உள்ள கால்பந்துப் புகழ்மண்டபத்தில் இருக்கிறது. ஊர்க்காரர்களே செய்து, 1925 உலகச் சாம்பியன் என்று தாங்களே எழுதிக்கொண்டது. அழகான பொருள். ஆனால் நடுவர் அவர்களே, எதிரணியில் அடுத்துப் பேச வருகிறவரிடம் ஒரே ஒரு கேள்வியை விட்டுவிட்டு உட்காருகிறேன். டிசம்பர் 12 மதியம் ஷைப் பார்க் வாசலில் இறங்கியபோது டாக்டர் ஸ்ட்ரீகலின் சட்டைப்பையில் ஃபிராங்க்ஃபோர்ட் கையெழுத்துப் போட்ட தாள் இருந்ததா?

நன்றி, வணக்கம்.