தகரக்காரர்கள் இருவர்

நேயர்களுக்கு வணக்கம். 1987-இல் வெளிவந்த 'டின் மென்' என்ற அமெரிக்க நகைச்சுவைப் படத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இயக்கியவர் பேரி லெவின்சன். அவருடைய சொந்த ஊரான பால்டிமோரில், 1963-இல் கதை நடக்கிறது.

வீட்டின் வெளிச்சுவருக்கு அலுமினியத் தகடு பொருத்த, வாசல் வாசலாக ஏறி இறங்கி ஆர்டர் பிடிப்பவர்கள்தான் இந்த 'டின் மென்'. தகரக்காரர்கள் என்று சொல்லலாம். நானும் சில ஆண்டுகள் வீடு வீடாகப் போய் விற்றவன். கதவு திறக்கும் அந்த இரண்டு நொடியில், எதிரே நிற்பவரின் மனசு எங்கே இளகும் என்று கண் தேடும். அந்தக் கண்ணை இந்தப் படத்தில்தான் அச்சு அசலாகப் பார்த்தேன்.

ஒரு காட்சி. வீட்டுக்கு எதிரே நின்று தகரக்காரர் ஒருவர் படம் பிடிக்கிறார். வீட்டுக்காரம்மா வெளியே வந்து என்னவென்று கேட்கிறார். 'லைஃப்' பத்திரிகையிலிருந்து வருகிறோம், தகடு போடுவதற்கு முன், போட்டதற்குப் பின் என்று இரண்டு படம் வரும், உங்கள் வீடு 'முன்' படத்துக்கு என்கிறார்கள். அந்த அம்மாவின் முகம் வாடிவிடுகிறது. ஊரே பார்க்கும் பத்திரிகையில் தன் வீடு அழகில்லாத வீடாக வருவதா? எங்கள் வீடு 'பின்' படமாக வர வழியில்லையா என்று அவரே கேட்கிறார். அவ்வளவுதான், வியாபாரம் முடிந்தது. விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் அந்த அம்மாவின் ஆசையில் தப்பே இல்லை. அதனால் அவர் முகம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

சண்டைக்கு வருகிறேன். ரிச்சர்ட் டிரேஃபஸ் நடிக்கும் பிபி என்ற தகரக்காரர் புத்தம் புதுக் காடிலாக் காரை வாங்கி வெளியே எடுக்கிறார். டேனி டிவிட்டோ நடிக்கும் டில்லி என்ற இன்னொரு தகரக்காரர் வந்து மோதுகிறார். தப்பு உன்னுடையது, இல்லை உன்னுடையது! மாறி மாறிக் கார்களைப் பதம் பார்க்கிறார்கள். பிறகு பிபி தன் தொழில் புத்தியையே எடுக்கிறார்: இவனுக்கு எங்கே வலிக்கும்? டில்லியின் மனைவி நோராவைத் தேடிப் போய் மயக்குகிறார்.

கணக்கு பொய்த்துப் போகிறது. டில்லிக்கு வலிக்கவே இல்லை. விட்டது சனி என்று நோராவின் சாமான்களைத் தூக்கி வெளியே எறிகிறார். நடிப்பாகத் தொடங்கிய பிபியோ உண்மையாகவே காதலில் விழுகிறார். ஊரையே பேசி மடக்கியவர் தன் பேச்சுக்குத் தானே வாடிக்கையாளர் ஆகிவிட்டார். அங்கேதான் படம் எனக்கு நெருக்கமாகிறது.

நோராவாக வரும் பார்பரா ஹெர்ஷியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இரண்டு ஆண்களின் வீம்புக்கு நடுவே தான் ஒரு சரக்காகிவிட்டது தெரிய வரும்போது அவர் படும் கோபம் நிஜமானது. அந்தக் கோபத்துக்குப் படம் இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம் என்பது என் மனக்குறை.

உணவகத்தில் உட்கார்ந்து தகரக்காரர்கள் அடிக்கும் அரட்டையும் தனி ருசி. 'பொனான்சா' தொலைக்காட்சித் தொடரில் அப்பாவுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரே வயசு போலிருக்கிறதே என்று ஒருவர் மும்முரமாக அலசுகிறார்.

இதற்கிடையே வீட்டுச் சீரமைப்பு ஆணையம் இவர்களின் தில்லுமுல்லுகளை ஒவ்வொன்றாக விசாரிக்கிறது. இருவருக்கும் லைசென்ஸ் போகிறது. டில்லியிடம் இப்போது காரும் இல்லை. கடைசியில் பிபியின் காரில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்து எதை விற்கலாம் என்று பேசிக்கொண்டே போகிறார்கள்.