முதல் கொரியச் சாப்பாடு

நேயர்களுக்கு வணக்கம்.

கொரிய உணவகத்துக்கு முதல் தடவை போகிறவர்களில் பலர் கேட்பது டொக்போக்கி. தொடர்களில் பார்த்த பண்டம். சிவப்புக் குழம்பில் விரல் பருமனுக்கு அரிசிமாவுத் துண்டுகள் மிதக்கும். இரண்டு வாய் போனதும் முகம் மாறிவிடும். காரத்தால் அல்ல, அந்தக் காரம் நம் நாக்குக்குப் பழக்கமானதுதான். தித்திப்புதான் திகைக்க வைக்கிறது. இத்தனை சிவப்பான குழம்பு இனிக்கும் என்று நாம் எதிர்பார்ப்பதே இல்லை. அதோடு 'கொரியச் சாப்பாடு நமக்கு ஒத்துவராது' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

தவறு சாப்பாட்டில் இல்லை, எடுத்த வரிசையில் இருக்கிறது. தித்திப்பு, புளித்த வாடை, வறுத்த எள்ளெண்ணெயின் மணம் ஆகிய மூன்றும் நமக்குப் புதியவை. மூன்றையும் ஒரே நாளில் முழு வீச்சில் சந்திக்க வேண்டாம் என்பதுதான் என் யோசனை.

முதலில் மேசையைப் பார்த்துக்கொள்வோம். சோறு, ஒரு சூப் அல்லது ஜிகே எனப்படும் கொதிக்கும் குழம்பு, சுற்றிலும் சிறு கிண்ணங்களில் பான்சான் என்னும் தொடுகறிகள். கொரியாவில் பான்சானுக்குத் தனிக் காசு இல்லை, தீர்ந்தால் கேட்டு வாங்கலாம். இவை சோற்றுக்காகச் சமைத்தவை. காரமாகப் புளிக்கவைத்த முட்டைக்கோஸான கிம்ச்சியை மட்டும் கரண்டியால் அள்ளித் தின்றுவிட்டு 'உப்பும் புளிப்பும்தான் இருக்கிறது' என்பது ஊறுகாயைத் தனியே தின்று குறை சொல்வதுதான். சோற்றுக்கும் சூப்புக்கும் கரண்டி, தொடுகறிக்குக் குச்சி. சோற்றுக் கிண்ணத்தைக் கையில் தூக்காதீர்கள். குச்சியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள், அது இறந்தவர்களுக்குப் படைக்கும் முறை.

தொடங்க ஏற்றது பிபிம்பாப். சோற்றின் மேல் தனித்தனியாகப் பக்குவம் செய்த காய், கீரை, ஒரு முட்டை, கோச்சுஜாங் என்னும் மிளகாய் விழுது. இதைத் தென்மேற்கே ஜோன்ஜு நகரத்தின் பெயரோடு சேர்த்தே சொல்வார்கள். முதலில் இதைச் சொல்லக் காரணம் உண்டு. விழுதை எவ்வளவு கலப்பது என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. அரைக் கரண்டியில் தொடங்கிக் கூட்டிக்கொண்டே போகலாம்.

வீட்டில் செய்ய, இரண்டு பேருக்கு அளவு சொல்கிறேன். பாலக் கீரை 200 கிராம், கேரட் ஒன்று, சுக்கினி பாதி, காளான் 100 கிராம், முட்டை இரண்டு. கீரையைக் கொதிநீரில் 30 வினாடி போட்டு, உடனே குளிர்ந்த நீரில் அலசி, கையால் இறுக்கிப் பிழியுங்கள். பிறகு அரைப் பல் பூண்டு விழுது, இரண்டு சிட்டிகை உப்பு, ஒரு தேக்கரண்டி எள்ளெண்ணெய் சேர்த்துப் பிசறுங்கள். மற்ற காய்களைத் தீக்குச்சி போல நறுக்கி, ஒவ்வொன்றையும் தனியாக, உப்புப் போட்டு இரண்டு நிமிடம் வதக்குங்கள். ஒன்றாகக் கொட்டி வதக்கினால் காளான் விடும் நீரில் கேரட் வெந்து, எல்லாம் ஒரே சுவையாகிவிடும். கீரையைச் சரியாகப் பிழியாவிட்டால் கலக்கும்போது சோறு கஞ்சியாகும்.

விழுதுக்கு: கோச்சுஜாங் 2 மேசைக்கரண்டி, எள்ளெண்ணெய் 1 மேசைக்கரண்டி, தண்ணீர் 1 மேசைக்கரண்டி, வினிகர் 1 தேக்கரண்டி. சமையல் குறிப்புகளில் சர்க்கரையும் இருக்கும். முதல் தடவை விட்டுவிடுங்கள், கோச்சுஜாங்கிலேயே போதுமான இனிப்பு உண்டு. ஒட்டரிசி மாவும் முளைகட்டிய பார்லியும் சேர்த்துப் புளிக்க வைப்பதால் வரும் இனிப்பு அது. கொரிய டப்பாக்களில் காரத்தை ஐந்து படிகளாகக் குறிப்பார்கள். நமக்கு நடுப்படி தாராளமாகப் போதும்.

சுடுகல் கிண்ணத்தில் வருவது டோல்சொட் பிபிம்பாப். வந்தவுடன் கிளறாமல் இரண்டு நிமிடம் விட்டால் அடியில் சோறு முறுகும், அதுதான் அதன் ருசி. வீட்டில் பழக்கிய கல்சட்டி இருந்தால் அதே வேலையைச் செய்யும். உள்ளே எள்ளெண்ணெய் தடவி, சோறு பரப்பி, சிறு தீயில் மெல்லச் சூடேற்றுங்கள். எடுத்தவுடன் பெருந்தீயில் வைத்தால் சட்டி விரிசல் விடும்.

எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. கொரிய எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டியது. நம் நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் எடுப்பது. அதை ஊற்றினால் மணம் வராது. வறுத்த எண்ணெய் கிடைக்காவிட்டால் வெள்ளை எள்ளைப் பொன்னிறமாக வறுத்து, ஒன்றிரண்டாகப் பொடித்து மேலே தூவுங்கள். அசல் எண்ணெய் கிடைத்தால் இறக்கிய பிறகே ஊற்றுங்கள். தாளிக்கப் பயன்படுத்தினால் மணம் போய்க் கசப்பு வரும்.

அரிசி குட்டையான, ஒட்டும் வகை. முப்பது நிமிடம் ஊறவைத்து, ஒரு பங்கு அரிசிக்கு ஒன்றேகால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர் வைத்து, வடிக்காமல் சமைக்க வேண்டும். புழுங்கலரிசி இதற்கு உதவாது. பச்சரிசி பிபிம்பாப்புக்கு ஓரளவு தாங்கும். கடற்பாசித் தாளில் சோற்றை வைத்துச் சுருட்டும் கிம்பாப்புக்கு அதுவும் போதாது.

அடுத்தது டோயென்ஜாங் ஜிகே. கொரியர்கள் வீட்டில் அடிக்கடி சாப்பிடும் குழம்பு இது, ஆனால் வெளியூர்க்காரர்கள் சுலபமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சோயாவை வேகவைத்து, கட்டியாக்கி, மாதக்கணக்கில் புளிக்கவைத்த விழுதுதான் டோயென்ஜாங். இந்த வகை விழுதுகளையும் சோயா சாஸையும் தயாரிக்கும் கொரிய மரபை யுனெஸ்கோ 2024-இல் தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. டப்பாவைத் திறந்தால் வாடை தூக்கலாக இருக்கும். கொதித்தபின் பாதி அடங்கிவிடும். கருவாட்டுக் குழம்பு சாப்பிடுகிறவருக்கு இது ஒரு தடையே இல்லை.

சாறு எடுப்பதில்தான் கவனம் வேண்டும். அரை லிட்டர் தண்ணீரில் பத்து உலர்ந்த நெத்திலி, உள்ளங்கை அகலத்துக்கு உலர்ந்த கெல்ப் வகைக் கடற்பாசித் துண்டு ஒன்று. நெத்திலியின் தலையையும் வயிற்றில் உள்ள கருப்புப் பகுதியையும் கிள்ளி எறியாவிட்டால் சாறு கசக்கும். கொதி வந்தபின் பத்து நிமிடம் போதும். பாசியை அதற்கு மேல் விட்டால் வழவழப்பு இறங்கும். நம் ஊர் நெத்திலிக் கருவாட்டில் உப்பும் மணலும் அதிகம், நன்றாகக் கழுவுங்கள். மீன் வேண்டாதவர்கள் அரிசியை இரண்டாம் முறை களைந்த தண்ணீரை எடுத்துக்கொள்ளலாம். கொரியச் சமையலறையிலும் அந்தப் பழக்கம் உண்டு, குழம்புக்கு லேசான கெட்டி கொடுக்கும். சாற்றில் ஒன்றரை மேசைக்கரண்டி விழுதைக் கரைத்து, உருளைக்கிழங்கு ஒன்று, வெங்காயம் பாதி, சுக்கினி பாதி சேர்த்து வேகவையுங்கள். கடைசியில் 200 கிராம் டோஃபுவும் ஒரு பச்சைமிளகாயும். உப்புப் போடுவதற்கு முன் ருசி பாருங்கள். பெரும்பாலும் தேவைப்படாது.

இனி கிம்ச்சி. குளிர்காலத்துக்கு முன் ஊரும் உறவும் கூடி மொத்தமாகக் கிம்ச்சி போடும் கிம்ஜாங் 2013-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. முழு முட்டைக்கோஸில் போடுவது பெரிய வேலை. புதியவருக்கு நறுக்கிப் போடும் வகை போதும். சீன முட்டைக்கோஸ் ஒரு கிலோ, கல் உப்பு 60 கிராம். இரண்டு அங்குலத் துண்டாக நறுக்கி, உப்புப் பிசிறி இரண்டு மணி நேரம் வையுங்கள், அரை மணிக்கு ஒரு தரம் புரட்டுங்கள். தண்டை வளைத்தால் முறியாமல் வளைய வேண்டும். முறிந்தால் இன்னும் நேரம் கொடுங்கள். பிறகு மூன்று தண்ணீரில் அலசி அரை மணி வடியவிடுங்கள். இங்கே அவசரப்பட்டால் பிறகு நீர்விட்டு மசாலா கழன்று ஓடும்.

ஒரு மேசைக்கரண்டி அரிசிமாவை முக்கால் டம்ளர் தண்ணீரில் கூழாகக் காய்ச்சி ஆறவிடுங்கள். புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கு அது தீனி. அதில் கோச்சுகாரு என்னும் கொரிய மிளகாய்த்தூள் 40 கிராம், பூண்டு 30 கிராம், கொஞ்சம் இஞ்சி, மீன் சாஸ் 3 மேசைக்கரண்டி, வெங்காயத்தாள், துருவிய முள்ளங்கி. கோச்சுகாருவுக்குப் பதில் சாதாரண மிளகாய்த்தூளை அதே அளவு போட்டால் வாயில் வைக்க முடியாது. கொரியத் தூள் விதை பெரும்பாலும் நீக்கிய, கொரகொரப்பான, காரம் குறைந்த தூள். காஷ்மீரி மிளகாயை விதை நீக்கிக் கொரகொரப்பாகப் பொடித்தால் கிட்டத்தட்ட ஒத்துவரும்.

இந்த மசாலாவை வடிந்த முட்டைக்கோஸில் பிசறி, ஜாடியில் அழுத்தி நிரப்பி, மேலே கால்பங்கு இடம் விடுங்கள், பொங்கும். நம் ஊர் வெப்பத்துக்கு ஒரு பகல் குளிர்பெட்டிக்கு வெளியே இருந்தால் போதும். குமிழி தெரிந்ததும் குளிர்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். கொரியக் குறிப்புகளில் வரும் 'இரண்டு நாள் வெளியே' என்பது அவர்களுடைய தட்பவெப்பத்துக்குச் சொன்னது. காய் சாற்றுக்கு மேலே நின்றால் வெள்ளை ஏடு படியும், தினமும் சுத்தமான கரண்டியால் அழுத்திவிடுங்கள். பச்சை, கருப்புப் பூஞ்சை வந்தால் முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

மூன்று வாரம் ஆகிப் புளிப்பு ஏறிய கிம்ச்சிதான் கிம்ச்சி ஜிகேவுக்கு ஏற்றது. புதியதில் செய்தால் குழம்பு வெறும் காரத் தண்ணீராக நிற்கும். கிம்ச்சியை ஐந்து நிமிடம் வதக்கி, ஜாடிச் சாற்றையும் தண்ணீரையும் ஊற்றி இருபது நிமிடம் கொதிக்கவிட்டு டோஃபு சேருங்கள். புளிப்பு மிஞ்சினால் அரைத் தேக்கரண்டி சர்க்கரை.

இதற்குப் பிறகு டொக்போக்கி கேளுங்கள், இப்போது அந்தத் தித்திப்பு அதிரவைக்காது. வீட்டில் செய்தால் குளிர்பெட்டியில் இருந்த அரிசித் துண்டுகளை அரை மணி நீரில் ஊறவையுங்கள், இல்லையென்றால் வெளியே குழையும், உள்ளே கெட்டியாக இருக்கும். குழம்பில் இனிப்பு அதிகம் என்பதால் அடிப்பிடிக்கும், கிளறிக்கொண்டே இருங்கள். ஆறினால் ரப்பர்தான். குழந்தைகளுக்குச் சிறிதாக வெட்டிக் கொடுங்கள், தொண்டையில் அடைக்கக்கூடிய பண்டம்.

விலக்குகள் உள்ளவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். கிம்ச்சியில் மீன் சாஸோ உப்பிட்ட இறாலோ இருப்பதுதான் வழக்கம். 'சைவம்' என்று எழுதிய குழம்பில்கூட நெத்திலிச் சாறு இருக்கலாம். பிபிம்பாப்பிலும் கிம்பாப்பிலும் மாட்டிறைச்சி வரும், தவிர்க்கிறவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள். கோச்சுஜாங் டப்பாக்கள் பலவற்றில் ஆல்கஹால் சேர்த்திருப்பார்கள், ஹலால் முத்திரை உள்ளதைத் தேடுங்கள். புத்த மடங்களின் சமையலில் இறைச்சி, மீன் மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும்கூட இல்லை. தலைநகர் சோலில் அந்த வகைச் சாப்பாட்டுக்கென்றே உணவகங்கள் உண்டு.

கோழி மட்டும் சாப்பிடுகிறவருக்குச் சம்க்யேதாங். இளங்கோழியின் வயிற்றில் ஒட்டரிசி, ஜின்செங் வேர், இலந்தை வகைப் பழம், பூண்டு வைத்து வேகவைத்தது. அதை உச்சிக் கோடையில் சுடச்சுடச் சாப்பிடுவார்கள், அதற்கென்று மூன்று நாட்களே உண்டு. பெரும்பாலும் உப்புக் குறைவாகத்தான் வரும். 'சப்பென்று இருக்கிறது' என்று தள்ளிவிடாதீர்கள். மேசையில் உள்ள உப்பும் மிளகும் அதற்காகத்தான்.

பன்றி வயிற்றுக்கறியை மேசையிலேயே சுடும் சாம்கியோப்சலுக்குத் தனியாகப் போகாதீர்கள், பல கடைகளில் குறைந்தது இரண்டு பேர் அளவுக்குத்தான் தருவார்கள். கறியைக் கத்தரிக்கோலால் வெட்டி, லெட்யூஸ் இலையில் வைத்து, ஒரே வாயில் போட வேண்டும். இலையைப் பாதி கடித்தால் மீதி மடியில்தான்.

பியோங்யாங் பாணி நெங்மியோனைக் கடைசிக்கு ஒத்திப்போடுங்கள். கோதுவரை (பக்வீட்) மாவில் செய்த சேவை, சில்லென்ற இறைச்சிச் சாறு, மிக மெல்லிய ருசி. முதல் நாள் சாப்பிட்டால் ஐஸ் தண்ணீர் குடித்த மாதிரிதான் தோன்றும். மற்றவை நாக்குக்குப் பழகியபின் கேளுங்கள். முதலில் சாற்றை எதுவும் சேர்க்காமல் ஒரு மிடறு குடித்துப் பாருங்கள், பிறகு வினிகரும் கடுகு விழுதும் கொஞ்சம் கொஞ்சமாக. கடுகு ஒரேயடியாக விழுந்தால் அந்தச் சாற்றை மீட்க வழியில்லை.

நன்றி, வணக்கம்.