கோம்தாங்கில் கரடி இல்லை

நேயர்களுக்கு வணக்கம்.

கொரியாவில் 'கோம்தாங்' என்றோர் உணவு உண்டு. மாட்டிறைச்சியையும் எலும்பையும் மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு, சாறு நன்றாக இறங்கிய பின் சோற்றோடு உண்பார்கள். உணவகப் பட்டியல்களில் இது ஆங்கிலத்தில் 'கரடி சூப்' ஆகி, படித்தவர்களைத் திடுக்கிட வைத்ததுண்டு. கொரிய மொழியில் 'கோம்' என்றால் கரடி என்பது உண்மைதான். ஆனால் இந்தக் 'கோம்', நெடுநேரம் கொதிக்கவைத்துச் சாறெடுப்பதைக் குறிக்கும் 'கோதா' என்ற வினையிலிருந்து பிறந்தது. பச்சை மாட்டிறைச்சியை மெல்லியதாக அரிந்து எள்ளெண்ணெய் சேர்த்துப் பரிமாறும் 'யுக்ஹ்வே', இதைப் போலவே 'ஆறு முறை' என்று ஆயிற்று. 'யுக்' என்ற ஒலி இறைச்சியையும் ஆறு என்ற எண்ணையும் குறிக்கும். 'ஹ்வே' என்பது பச்சையாக அரிந்த ஊனையும் தடவையையும் குறிக்கும். சீன எழுத்தில் இவை வெவ்வேறு வடிவங்கள். கொரியர்களின் சொந்த எழுத்தான ஹங்குலில் எழுதும்போது கண்ணுக்கு ஒன்றாகிவிடுகின்றன.

இவை பிழைகள்; அறிந்தவர் ஒருவர் பார்த்தால் திருத்திவிடலாம். பிழையே இல்லாத இடத்திலும் பொருள் நழுவுவதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. 'பிபிம்பாப்' என்பதில் 'பிபிம்' பிசைந்து கலப்பதைக் குறிக்கும். 'பாப்' என்பது சோறு. வயலில் விளைவதைப் 'ப்யோ' என்றும், உமி நீக்கியதைச் 'சால்' என்றும், வெந்ததைப் 'பாப்' என்றும் கொரியர் பிரித்துச் சொல்கிறார்கள்; நெல், அரிசி, சோறு என்று நாம் சொல்வதும் இதே பிரிவுதான். ஆங்கிலத்துக்கோ மூன்றும் 'ரைஸ்'. ஆகவே ஆங்கிலம் வழியாகக் கொரிய உணவைத் தமிழுக்குக் கொண்டுவருபவர், நம்மிடம் ஏற்கெனவே உள்ள வேறுபாட்டையும் சேர்த்து இழந்துவிடுகிறார்.

நீர்த்த 'குக்', நெடுநேரம் கொதித்த 'தாங்', கெட்டியாக, காரசாரமாக நடுவில் வைத்துப் பகிரும் 'ச்சிகே', உண்ணும் மேசையிலேயே கொதிக்கவைக்கும் 'சோன்கோல்' ஆகிய நான்கும் ஆங்கிலத்தில் 'சூப்', 'ஸ்டியூ' என்ற இரண்டுக்குள் அடங்கிப்போகின்றன. மீனின் கதை இன்னும் சுவையானது. 'ம்யோங்தே' என்ற ஒரே கடல் மீன், புதிதாக இருக்கும்போது 'சேங்தே', உறைந்தால் 'தோங்தே', உலர்ந்தால் 'புகோ', பனிக்காலம் முழுவதும் உறைந்தும் இளகியும் காய்ந்து பொன்னிறமானால் 'ஹ்வாங்தே'. இத்தனை பெயர்களையும் ஆங்கிலம் 'பொலாக்' என்ற ஒன்றோடு முடித்துக்கொள்கிறது. உறைந்த மீன் குழம்பான 'தோங்தே ச்சிகே', ஒலி ஒற்றுமையால் 'இயக்கக் குழம்பு' என்று பெயர்க்கப்பட்டதும் உண்டு.

கொரியாவின் தேசிய மொழி நிறுவனம் 2014இல் 200 உணவுப் பெயர்களுக்கு ஆங்கிலம், சீனம், ஜப்பானியம் ஆகியவற்றில் தரமான மொழிபெயர்ப்புகளை வெளியிட்டது, பயனுள்ள பணி. ஆனாலும் பெயரை அப்படியே ஏற்பதே நல்லது என்பது என் எண்ணம். நம் மிளகுத்தண்ணீரை 'மல்லிகட்டானி' என்று விழுங்கிக்கொண்ட மொழிக்கு இது புதிதன்று. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியும் 2021இல் புல்கோகி, பஞ்சான், கிம்பாப் முதலிய 26 கொரியச் சொற்களைச் சேர்த்துக்கொண்டது. பெயரை வைத்துக்கொண்டு, அதன் அருகே ஒரு வரியில் உணவைச் சொன்னால் போதும்.

அந்த ஒரு வரியை எப்படி எழுதுவது? 'புதே ச்சிகே'யை எடுத்துக்கொள்வோம். 'புதே' என்றால் படைப்பிரிவு. 'சாசேஜ் ஸ்டியூ' என்று எழுதினால் உள்ளிருக்கும் பொருள் தெரியும். 'படைமுகாம் குழம்பு' என்றால் சுவை தெரியாது. நான் இப்படி எழுதுவேன்: "புதே ச்சிகே: கொரியப் போருக்குப் பின் உணவுக்குத் தவித்த மக்கள், அமெரிக்கப் படைமுகாம்களிலிருந்து கிடைத்த சாசேஜையும் டப்பா இறைச்சியையும் கிம்ச்சி என்ற புளிக்கவைத்த காய்கறியோடும் மிளகாய் விழுதோடும் கொதிக்கவைத்து உண்ட காரக் குழம்பு."